மழையை அளந்து புள்ளியியல் படிப்போம்

"தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." ரேடியோவிலும் டிவியிலும் இந்த வரியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. எங்கேயோ பெய்யும், எங்கேயோ பெய்யாது, பிடிகொடுக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த 'ஓரிரு இடங்களில்' என்ற சொல்லுக்குள் ஒரு எண் இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்', 26 முதல் 50 வரை என்றால் 'சில இடங்களில்', 51 முதல் 75 வரை என்றால் 'பல இடங்களில்', அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'. 'கனமழை' என்பதும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால்தான் அந்தப் பெயர். 115.6 என்றால் மிக கனமழை, 204.5-ஐ எட்டினால் அதி கனமழை.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' கடைசி இயலாக வருகிறது. ஆண்டுக் கடைசி அவசரத்தில் அது நான்கு சூத்திரமாகச் சுருங்கிப்போகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம், ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் படித்ததில் வாழ்நாள் முழுக்கக் கூட வருவது அந்த இயல்தான். அதனால் சூத்திரத்தை விட்டுவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்த மழைத் தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்? பெய்த மழை ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் அந்த அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. நின்றால் அது சரியாக 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். அதில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர், அதாவது கோடையில் காசு கொடுத்து வாங்குகிற ஒரு லாரித் தண்ணீர். உயரமாகச் சொல்வதில் இன்னொரு வசதி, பாத்திரம் சின்னதா பெரியதா என்று கவலைப்பட வேண்டாம். பக்கங்கள் நேராக இருக்கிற எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் ஒரே உயரம்தான் வரும். குடம் மாதிரி வயிறு பெருத்த பாத்திரம் மட்டும் கூடாது.

பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே புனல் மாதிரித் தலைகீழாகச் செருகி, அடியில் மேடுபள்ளமாக இருக்கிற பகுதியைக் கூழாங்கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு மட்டம் செய்து, அந்த மட்டத்தில் பூஜ்ஜியம் என்று கோடு போட்டால் மழைமானி தயார். நான் முதலில் செய்தது இதைவிட எளிது. அடி தட்டையாக இருந்த ஒரு கண்ணாடி ஜாடியை மாடியில் வைத்து, மழை விட்டதும் உள்ளே பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்திப் படித்தேன். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நோட்டில் எழுதினேன். கடைசியில் நண்பர் ஒருவர் ஸ்கேலை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுல ஜீரோ எங்க ஆரம்பிக்குது?" ஸ்கேலின் விளிம்பில் பூஜ்ஜியம் இல்லை. விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளித்தான் முதல் கோடு. ஆக ஒவ்வொரு மழையிலும் நான் 4 மி.மீ. குறைத்தே எழுதியிருக்கிறேன். இருபது மழை நாட்கள் என்றால் 80 மி.மீ. காணாமல் போயிருக்கிறது!

இதற்குப் பெயர் முறையான பிழை. 'முறையான' என்றால் சரியான என்று பொருள் இல்லை, ஒரே முறையில் ஒரே திசையில் ஒவ்வொரு தடவையும் வருகிறது என்று பொருள். இயற்பியல் ஆய்வகத்தில் மெல்லிய கம்பியின் தடிமனை அளக்கிற திருகு அளவியை எடுத்ததும் ஆசிரியர் சுழிப் பிழை, அதாவது பூஜ்ஜியம் தன் இடத்தில் இருக்கிறதா என்று, பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். சடங்குக்காக அல்ல.

இன்னொரு வகைப் பிழை இருக்கிறது. அதே ஜாடியை அம்மா படித்தால் 31, நான் படித்தால் 30, பக்கத்து வீட்டுப் பையன் படித்தால் 32. தண்ணீர் மேற்பரப்பு ஓரத்தில் கொஞ்சம் மேலேறி வளைந்து நிற்கும், கண்ணை எந்த மட்டத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பது மாறும், சிலபோது கூடும், சிலபோது குறையும், எந்தத் திசை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இது ஒழுங்கற்ற பிழை. ஏன் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால், மருந்து வேறு வேறு. ஒழுங்கற்ற பிழைக்கு மருந்து பல தடவை அளந்து சராசரி எடுப்பது. கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். ஆனால் நான்கு தடவை அளந்தால் பிழை நாலில் ஒரு பங்காகிவிடாது, பாதியாகத்தான் ஆகும். நூறு தடவை அளந்தால் பத்தில் ஒரு பங்கு. அளவுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து அதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். முறையான பிழையோ, ஆயிரம் தடவை அளந்து சராசரி எடுத்தாலும் அசையாது. என் ஸ்கேலை வைத்து ஊரே வந்து அளந்திருந்தாலும் அந்த 4 மி.மீ. அங்கேயேதான் இருந்திருக்கும்.

நுட்பம், துல்லியத்தன்மை என்று இரண்டு சொற்களைப் பாடத்தில் அடுத்தடுத்து வைத்துக் குழப்புவார்களே, அதுவும் இங்கே தெளிவாகிவிடும். உண்மையான மழை 35 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அளவுகள் 31, 31, 30, 32. ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன, அதனால் நுட்பம் உண்டு. எல்லாமே 35-ஐ விட்டு விலகி நிற்கின்றன, அதனால் துல்லியம் இல்லை. நாலு அளவும் ஒத்துப்போனால் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு நம்பத் தொடங்கிவிடும். நான் ஒரு பருவம் முழுக்க நம்பியது அப்படித்தான்.

வானிலை நிலையத்து மழைமானிக்கும் இந்தத் தொல்லை உண்டு. பலமாகக் காற்றடித்தால் துளிகள் வாய்க்குள் விழாமல் மேலே சாய்ந்து போய்விடும், கொஞ்சம் தண்ணீர் புனல் சுவரிலேயே ஒட்டிக் காய்ந்துவிடும். இரண்டுமே குறைத்துக் காட்டுகிற திசைதான், அதனால் இதுவும் முறையான பிழை. மரத்தடியில் வைத்தால் இன்னும் மோசம். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். அப்புறம், அளந்ததை வெறும் 35 என்று எழுதாமல் '35, ஒன்று கூடலாம் குறையலாம்' என்று எழுதிப் பழகுங்கள். அந்தப் பின்பாதி இல்லாத அளவு எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது.

சரி, நோட்டு நிறைய எண்கள் சேர்ந்துவிட்டன. இப்போது சராசரி. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது எல்லோருக்கும் தெரியும். அது எதைச் சொல்லாது என்பதுதான் முக்கியம். ஒரு ஊரின் ஐந்து டிசம்பர் மாத மழை 60, 80, 90, 110, 660 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1000, சராசரி 200. இந்த ஐந்தில் எந்த டிசம்பரிலும் 200-க்குப் பக்கத்தில்கூட மழை பெய்யவில்லை. நாலு வருடம் அதில் பாதியைச் சுற்றியோ அதற்கும் கீழேயோ, ஒரு வருடம் மூன்று மடங்குக்கும் மேல். 'இந்த ஊரில் டிசம்பரில் வழக்கமாக 200 மி.மீ. பெய்யும்' என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 90. இது இடைநிலை அளவு. 660 என்பது 6,600 ஆனாலும் இடைநிலை அளவு அதே 90-தான், சராசரியோ எங்கேயோ போய்விடும்.

660 என்பது மிகையான கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த மாவட்டத்தின் ஓராண்டு சராசரி மழையே அதைவிடக் குறைவு. ஒரே நாள், அந்த ஊரின் டிசம்பர் சராசரி என்ற எண்ணையே இழுத்துக்கொண்டு போகக்கூடிய நாள். இதனால் சராசரி கெட்டது, இடைநிலை அளவு நல்லது என்று ஆகிவிடாது. வழக்கமான டிசம்பர் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, இடைநிலை அளவைக் கேளுங்கள். இருபது வருடத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று தெரிய வேண்டுமா, சராசரிதான் உதவும், ஏனென்றால் அதை இருபதால் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். இடைநிலை அளவைப் பெருக்கினால் ஒன்றும் வராது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், பரவல். இரண்டு ஊர்கள், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் ஐந்து வருட மழை. முதல் ஊரில் 90, 95, 100, 105, 110. இரண்டாவது ஊரில் 0, 20, 80, 150, 250. இரண்டுக்கும் சராசரி 100-தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான ஊர்களா? முதல் ஊர்க்காரர் மழையை நம்பி விதைக்கலாம். இரண்டாவது ஊர்க்காரர் ஏரி வெட்டி, கரை கட்டி, மிஞ்சிய தண்ணீர் வழியக் கலிங்கு வைத்து, வந்த வருடத்துத் தண்ணீரை வராத நாளுக்குச் சேர்த்துவைத்தாக வேண்டும். தமிழ்நாடு முழுக்க ஏரியும் கண்மாயுமாக இருப்பதற்கு மழை குறைவு என்பதைவிட மழை ஏற்ற இறக்கமாக வருகிறது என்பதே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். சென்னையில் ஓராண்டில் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது, நாட்டின் பல ஊர்களைவிட அது அதிகம். அதே சென்னைதான் 2015 டிசம்பரில் மூழ்கியது, 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டு தவித்தது. 1,400 என்ற எண்ணுக்குள் இந்த இரண்டும் தெரியவே தெரியாது.

அந்த ஏற்ற இறக்கத்தை எப்படி ஒரு எண்ணாக்குவது? பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு. முதல் ஊருக்கு 20, இரண்டாவதுக்கு 250. எளிது, ஆனால் இரண்டு ஓரங்களை மட்டுமே பார்க்கிறது, நடுவில் இருக்கிற எண்கள் என்ன செய்கின்றன என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்போம். முதல் ஊரில் −10, −5, 0, 5, 10. கூட்டினால் பூஜ்ஜியம். எந்த எண்களை எடுத்தாலும் பூஜ்ஜியம்தான் வரும், ஏனென்றால் சராசரி என்பதே கூடுதலும் குறைவும் சமமாகிற புள்ளி. குறைக்குறியை ஒழிக்க ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம். 100, 25, 0, 25, 100. கூட்டினால் 250, ஐந்தால் வகுத்தால் 50. இது விலக்க வர்க்கச் சராசரி. பெயரைப் பிரித்துப் படித்தாலே செய்முறை கிடைத்துவிடும், விலக்கங்களின் வர்க்கங்களின் சராசரி. தமிழில் இந்தப் பெயரை வைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் 50 என்ன? மி.மீ. அல்ல, மி.மீ.-யின் வர்க்கம். மழையை அப்படி யாரும் பேசுவதில்லை. வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 7 மி.மீ. இதுதான் திட்ட விலக்கம். இரண்டாவது ஊருக்கு இதையே செய்து பாருங்கள், வர்க்கங்களின் கூட்டுத்தொகை 41,800, ஐந்தால் வகுத்தால் 8,360, வர்க்கமூலம் ஏறக்குறைய 91 மி.மீ. ஆக ஒரு ஊரில் 100-ஐச் சுற்றி 7 அளவுக்கு ஊசலாட்டம், இன்னொரு ஊரில் 91 அளவுக்கு. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்கினால் மாறுபாட்டுக் கெழு, இங்கே 7 சதவீதம், 91 சதவீதம். சராசரி வேறு வேறாக இருக்கிற ஊர்களை ஒப்பிட அது கைகொடுக்கும். (கால்குலேட்டரில் செய்தால் சிலபோது விடை கொஞ்சம் கூடுதலாக வரும். கையில் இருப்பது முழு விவரம் அல்ல, சிறு மாதிரிதான் என்று எடுத்துக்கொண்டு அது ஐந்துக்குப் பதில் நான்கால் வகுக்கிறது. பயப்பட வேண்டாம்.)

அடுத்து நிகழ்தகவு. போனில் 'நாளை மழை வாய்ப்பு 70 சதவீதம்' என்று வருகிறது. நாளில் 70 சதவீத நேரம் மழை என்று சிலர் படிக்கிறார்கள், ஊரில் 70 சதவீத இடத்தில் மழை என்று சிலர், பலமாகப் பெய்யும் என்று சிலர். எதுவும் இல்லை. 'இன்று போன்ற நிலைமை இருந்து, 70 சதவீதம் என்று சொன்ன நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவற்றில் பத்துக்கு ஏழு நாளில் இந்த இடத்தில் மழை பெய்திருக்கும்' என்பதே பொருள். மீதி மூன்று நாள் பெய்யாமல் இருப்பதும் அந்த 70-க்குள்ளேயே சொல்லப்பட்டதுதான். குடை எடுத்துப் போய் மழை வராமல் திரும்பினால் வானிலைக்காரர் பொய் சொன்னார் என்று ஆகாது. ஒரு நாளை வைத்து 70 சதவீதத்தைச் சரி என்றோ தவறு என்றோ யாராலும் சொல்ல முடியாது.

நாணயத்துக்கும் மழைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் நாணயமும் பகடையுமே வருவதால் இது பலருக்குப் பிடிபடாமல் போகிறது. நாணயத்துக்கு நினைவு கிடையாது, ஐந்து தடவை தலை விழுந்தாலும் ஆறாவது தடவை தலைக்குப் பாதி வாய்ப்புதான். மழைக்கு ஒரு மாதிரியான நினைவு உண்டு. கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் அது இரண்டு மூன்று நாள் நின்று பெய்துவிட்டுத்தான் போகும். 30 நாளில் 12 நாள் மழை என்று எடுத்துக்கொள்ளுங்கள், பொதுவாகப் பார்த்தால் ஒரு நாளில் மழைக்கு வாய்ப்பு 40 சதவீதம். அந்த 12 மழை நாட்களில் 8 நாளுக்கு அடுத்த நாளும் மழை, மழையில்லாத 18 நாட்களில் 4 நாளுக்கு மட்டும் அடுத்த நாள் மழை என்றால், இன்று மழை பெய்திருந்தால் நாளைக்கு வாய்ப்பு 12-க்கு 8, அதாவது 67 சதவீதம். இன்று பெய்யவில்லை என்றால் 18-க்கு 4, அதாவது 22 சதவீதம். அதே ஊர், அதே மாதம், ஒரு செய்தி கூடுதலாகத் தெரிந்ததும் 40 என்பது 67 ஆகவோ 22 ஆகவோ மாறிவிடுகிறது. நிபந்தனை நிகழ்தகவு என்று பயமுறுத்துகிற பெயரில் சொல்லித்தருவது இதைத்தான்.

'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை' என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் வீடே போய்விடும். போன வருடம் வந்துவிட்டது, இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஒரு ஆண்டிலும் அந்த அளவு மழை வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் பொருள். ஏரிக்குக் கீழே மனை வாங்கி 30 வருடம் குடியிருக்கப் போகிறீர்கள். ஒரு வருடம் தப்பிக்கிற வாய்ப்பு 0.99, ஒவ்வொரு வருடமும் தனித்தனி என்று கொண்டால் முப்பது வருடமும் தப்பிக்க 0.99-ஐ முப்பது தடவை பெருக்க வேண்டும். 0.74 வரும். ஆக ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ள 26 சதவீதம், நாலில் ஒன்றுக்கும் மேல். முழுதாக நூறு வருடம் இருந்தாலும் அது 63 சதவீதம்தான், நூறு அல்ல. இந்தக் கணக்கில் 'குறைந்தது ஒரு முறை' என்று வந்தால் 'ஒரு முறைகூட இல்லை' என்பதைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழிப்பதே சுலபம்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள். ஒவ்வொரு நாளுக்கும் முந்தின இரவு போன் சொன்ன சதவீதம் ஒரு பத்தியில், அந்த நாளின் மழையாக, வானிலைத் துறை செய்வது போலவே காலை 8.30 மணிக்கு, மறுநாள் அளந்த மி.மீ. அடுத்த பத்தியில். வானிலைத் துறை 2.5 மி.மீ. பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கு வைக்கிறது, போனில் வருகிற சதவீதமோ சிறு தூறலையும் சேர்த்துச் சொல்வதாக இருக்கலாம், அதனால் மழை நாள் என்று எதை எடுத்துக்கொள்வது என்பதை முதல் நாளே முடிவு செய்து எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றக் கூடாது. டிசம்பர் முடிந்ததும் '70' என்று சொன்ன நாட்களை மட்டும் எண்ணுங்கள். இருபது நாள் இருக்கிறது என்று வையுங்கள், பதினாலில் மழை பெய்திருக்க வேண்டும். ஆனால் சரியாகப் பதினாலை எதிர்பார்க்காதீர்கள், இந்த எண்ணிக்கைக்கும் ஒரு திட்ட விலக்கம் உண்டு. 20-ஐயும் 0.7-ஐயும் 0.3-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 2. அதனால் 12 வந்தாலும் 16 வந்தாலும் முன்னறிவிப்பில் குறை சொல்ல முடியாது. 6 வந்தால் முதலில் உங்கள் ஸ்கேலில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் அந்த முன்னறிவிப்பைச் சந்தேகப்படுங்கள்.